புல்லட்டும் இல்லறமும்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நடந்து வலம்வருவோரின் கூட்டம் நிறையும் பௌர்ணமி நாட்கள் நீங்கலாக, இரண்டு வகையான இருசக்கர வாகனங்கள் கண்ணில் படுகின்றன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தனியாளாக வரும் இளைஞர்களின் புல்லட்டுகள் ஒருவகை. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து கணவன், மனைவி, முன்னால் நிற்கும் குழந்தை, அருச்சனைக் கூடை என அனைத்தையும் சுமந்துவரும் டி.வி.எஸ். 50 மற்றொரு வகை. திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலை முதல் வகையையும், 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த மொபெட், அதாவது எடை குறைந்த சிறு மோட்டார் வண்டி, இரண்டாம் வகையையும் தமிழ்நாட்டுக்கு அளித்தன. இவற்றை ஒரு மனிதனின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய இரு பருவங்களாகவே நம் சமூகம் கருதி வந்திருக்கிறது; புல்லட்டை விற்றுவிட்டு வருபவனே பொறுப்புள்ள மாப்பிள்ளை என்ற எண்ணம் பெண் கொடுக்கும் வீடுகளில் இன்றும் மறைந்துவிடவில்லை.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய, தமிழர் அனைவரும் அறிந்த நடிகர் அஜித் குமாரின் வாழ்க்கை பெரிதும் உதவுகிறது. 1971ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியேறி, என்ஃபீல்டு நிறுவனத்தில் பயிற்சி மெக்கானிக்காகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் ஆயத்த ஆடை ஏற்றுமதித் தொழிலிலும் விளம்பரங்களிலும் ஈடுபட்டு, 1993இல் ‘அமராவதி’ படத்தின் வாயிலாகத் தமிழ்த் திரையில் நாயகனானார். பந்தய மோகம் அவரைச் சும்மா விடவில்லை. பயிற்சியில் ஏற்பட்ட முதுகெலும்புக் காயம் அவரை நெடுநாள் படுக்கையில் கிடத்தி, அறுவைச் சிகிச்சைகளுக்கும் உட்படுத்தியது. அந்நாளில் வரன் தேடும் ஒரு குடும்பம் அவரை எப்படி மதிப்பிட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1999இல் வெளிவந்த ‘அமர்க்களம்’ படத்தில் உடன் நடித்த ஷாலினியை, 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மணந்தார். மணத்துக்குப் பின்னும் அவர் வண்டியை விட்டுவிடவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது. 2003இல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ ஆசியத் தொடரிலும், 2010இல் ஃபார்முலா 2 தொடரிலும், அதாவது ஒற்றை இருக்கை கொண்ட திறந்த சக்கரக் கார்களுக்கான பந்தயங்களில், அவர் போட்டியிட்டார். 2022இல் மோட்டார் சைக்கிளில் லடாக் சென்றார். அடுத்த ஆண்டு நேபாளம், பூட்டான் வரை அந்தப் பயணம் நீண்டது. அதே மனிதரைத் தமிழ்நாடு இன்று குடும்பப் பாங்கான கணவராகவும் தந்தையாகவும் போற்றுகிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோதும், அதே ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவரிடம் பத்ம பூஷண் பெற்றபோதும் மனைவியும் மக்களும் உடனிருந்தனர்.

எனினும் இந்தப் புகழுரைகளில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. குழந்தை நட்சத்திரமாக 1983 முதலே மலையாளத்திலும் பின்னர் தமிழிலும் பெயர் பெற்ற ஷாலினி, திருமணத்தையொட்டி நடிப்பை முற்றிலும் விட்டுவிட்டார். கணவர் பந்தயத் தடத்திலும் மலைச் சாலையிலும் இருந்த காலங்களில் இல்லத்தையும் பிள்ளைகளையும் காத்தவர் அவர். அந்தத் துணையின்றித் தம்மால் எதுவும் இயன்றிராது என்று அஜித்தும் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஓர் ஆணின் சுதந்திரத்தை வியக்கும்போது, அதற்கு விலை கொடுத்த பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இல்லறத்துக்கும் தனிப்பயணத்துக்கும் உள்ள இந்த இழுபறியைத் திருவண்ணாமலை தன் திருவிழாவிலேயே வைத்திருக்கிறது. தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நிகழ்கிறது. ஊடல் என்பது அன்புடையார் இடையே தோன்றும் பிணக்கு. இறைவனை மட்டும் வணங்கி இறைவியை ஒதுக்கிய பிருங்கி முனிவருக்கு ஈசன் அருள முற்பட்டதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அம்மன் சினந்து தனியே கோயிலுக்குத் திரும்பிவிட, அண்ணாமலையார் குமரக்கோயிலில் இரவு தங்கி, மறுநாள் தனியே மலையை வலம்வந்து, பின்னரே அம்மனுடன் சமாதானம் ஆகிறார். தேவிக்குத் தன் உடலில் பாதியைத் தந்த அர்த்தநாரீசுவரர் கோலமும், கார்த்திகை தீப நாளின் மாலையில் சில நிமிடங்களே காட்சி தருவதாக, இதே தலத்துக்கு உரியது. தனியே போனதைக் குற்றமாக்காமல், திரும்பி வந்து ஊடலைத் தீர்ப்பதையே இவ்விழா கணவனின் கடமையாக முன்வைக்கிறது என்று கொள்ளலாம்.

திரும்பி வருவது என்பது சாலையில் வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவரையன்றி ஒருவரை மட்டுமே ஏற்ற அனுமதிக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்லும்போது ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்குத் தலைக்கவசமும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்று 2022இல் விதியும் வகுக்கப்பட்டுள்ளது. புல்லட்டில் தனியே வரும் இளைஞரிடம் பெரும்பாலும் காணப்படும் தலைக்கவசம், டி.வி.எஸ். 50இல் முன்னால் நிற்கும் குழந்தையிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆபத்து மிகுந்தவராக ஊர் கருதுபவரைவிடப் பொறுப்பானவராக அது நம்புபவர் பாதுகாப்பில் பின்தங்கி நிற்பது வேதனைக்குரியது. ஆகவே, பெண் கொடுக்கும் வீட்டார் வண்டியை விற்கச் சொல்வதை விடுத்து, இரண்டு தலைக்கவசங்கள் வாங்கிக் கொடுக்கட்டும். குழந்தை பிறந்ததும் மூன்றாவதையும் வாங்கட்டும்.