கமராப் பையை யார் சுமப்பது?

தை மாதம் முடிகிறபோதே தொடங்கிவிடும். ஆராதனை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிற நேரம், யாராவது ஒருவர் எங்களிடம் வந்து, "மார்ச் லீவுக்குப் பிள்ளைகளை டிஸ்னிக்குக் கூட்டிக்கொண்டு போறம். என்ன கமரா வாங்கலாம்?" என்று கேட்பார். ஒளிவிழாவுக்கும் ஞாயிறு பாடசாலை ஆண்டு விழாவுக்கும் படம் எடுப்பது கணவன் மனைவியாக நாங்கள் இருவரும் என்பதால், இந்தக் கேள்வியும் எங்கள் பங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்த முறை மலர்க் குழுப் பிள்ளைகள், "அதை எழுதியே தந்துவிடுங்கோ" என்றார்கள். எழுதுகிறோம். ஆனால் எந்தக் கமரா என்பதற்கு முன்னால் நாங்கள் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும்.

2017 மார்ச்சில் முதல் தடவையாக ஒர்லாண்டோவுக்குப் போனோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. பிள்ளைகளின் அப்பம்மாவும் கூட வந்தார். அப்போது எங்களிடம் பெரிய டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்று இருந்தது. இவ்வளவு தூரம் போகிறோம், ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று இருந்த எல்லாவற்றையும் கட்டிக்கொண்டோம். கமரா முக்கால் கிலோ. அதோடு வந்த 18-135 லென்ஸ் அரைக் கிலோ. கலியாண வீடுகளுக்கென்று வாங்கிய 70-200 லென்ஸ் தனியே ஒன்றரைக் கிலோ. பிளாஷ், முக்காலி, பற்றரி, பை எல்லாம் சேர்த்து வீட்டுத் தராசு ஐந்தரைக் கிலோ காட்டியது. விமான நிலையத்தில் அது பாரமாகத் தெரியவில்லை. மெஜிக் கிங்டமில் இருபதாயிரம் காலடி நடந்த பிறகு நன்றாகத் தெரிந்தது.

பாரத்தைக்கூடப் பொறுத்திருக்கலாம். ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும் அதே பேச்சு: பையை யார் பார்த்துக்கொள்வது? தள்ளுவண்டியில் வெளியே விட மனம் வரவில்லை. அவ்வளவு காசு போட்ட சாமான். உள்ளே கொண்டு போனால் மடியிலும் காலுக்கடியிலும் வைத்துக்கொண்டு, பிள்ளையையும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்பம்மாதான் முடிவு சொன்னார். "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதில இருக்கிறன்." கோட்டைக்குப் பின்னால், குதிரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு. அதில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த சவாரிக்கு வேறொரு வாங்கு. பொம்மைகளுக்கு நடுவே படகில் மெல்லப் போகிற 'இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்' எழுபத்தாறு வயது மனுசிக்கு ஒரு சிரமமும் இல்லாதது. அதில்கூட அவர் ஏறவில்லை. எங்களுக்கு அப்போது அது உறைக்கவும் இல்லை. பை பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதிதான் இருந்தது.

2022 குளிர்காலத்தில் அவர் காலமானார். நினைவு மலருக்கு நல்ல படம் ஒன்று தேடி, அந்தப் பயணத்தின் படங்களைத் திறந்தோம். ஏறத்தாழ 2,300 படங்கள். கோட்டை மட்டும் எத்தனையோ கோணத்தில் இருக்கிறது. வாணவேடிக்கை இருக்கிறது. யாரென்றே தெரியாத பிள்ளைகள் அணிவகுப்புக்குக் கையசைக்கிறார்கள். அப்பம்மா ஓரங்களில் இருந்தார். பாதித் தோள், முதுகு, தள்ளுவண்டியின் கைபிடியில் ஒரு கை. 1995 இடப்பெயர்வில் வீட்டு அல்பங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். கலியாணப் படம்கூட அவரிடம் இருக்கவில்லை. அதைத் தெரிந்த நாங்கள்தான், கமராவும் கையுமாக ஐந்து நாள் அவருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறோம்.

கடைசியில் படம் மகளிடமிருந்து வந்தது. விளையாடக் கொடுத்திருந்த, சிம் இல்லாத ஒரு பழைய ஃபோனில் அவள் எடுத்தது. அப்பம்மா வாங்கில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுகிறார், அவளைப் பார்த்துச் சிரிக்கிறார், மடியில் எங்கள் கமராப் பை. ஐந்து மெகாபிக்சல் படம்தான். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சடித்தபோது தெளிவாகவே வந்தது.

ஆகவே இப்போது யாராவது கமரா பற்றிக் கேட்டால், "வரிசையிலும் சவாரியிலும் அதை யார் வைத்திருக்கப் போகிறீர்கள்? படத்தில் யார் யார் இருக்க வேண்டும்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறோம். சிலருக்கு இது எரிச்சலாக இருப்பது தெரிகிறது.

சரி, சாமான்களுக்கு வருவோம். உங்களிடம் கடந்த நான்கைந்து வருடத்துக்குள் வாங்கிய நல்ல ஃபோன் இருந்தால், பகல் வெளிச்சத்தில் தீம் பார்க்கில் எடுக்கிற படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். கோட்டைக்குப் பின்னால் சூரியன் நின்றாலும் முகமும் தெரிய, வானமும் தெரிய அது சமாளித்துவிடும். பழைய கமராவில் நாங்கள் அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு விடயம் மட்டும் கவனியுங்கள். ஒன்று, சன்ஸ்கிறீன் பூசிய விரல் லென்ஸில் படும். படமெல்லாம் புகை படிந்த மாதிரி வந்தால் ஃபோனைக் குறை சொல்லாமல் சட்டை நுனியால் துடையுங்கள். மற்றது, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறபோது ஃபோன் பெரும்பாலும் உள்ள படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகிறது. முடிந்தவரை கிட்டப் போய் எடுங்கள்.

கோட்டை மட்டும் இதற்கு விலக்கு. மெஜிக் கிங்டமின் சின்டரெல்லா கோட்டை 189 அடி உயரம். மேலே போகப் போகக் கற்களையும் ஜன்னல்களையும் சிறிதாக்கிக் கட்டியிருப்பதால் இன்னும் உயரமாகத் தெரியும். கிட்ட நின்று ஃபோனின் அகல லென்ஸில் எடுத்தால் அந்த மாயம் கெட்டு, கோட்டை பொம்மை வீடு மாதிரிப் போய்விடும். ஆட்களை மெயின் ஸ்ட்ரீட்டில் தள்ளி நிறுத்தி, நீங்களும் பின்னுக்குப் போய், ஃபோனில் '2' என்று இருப்பதை அழுத்தி எடுத்துப் பாருங்கள். கோட்டை ஆட்களுக்குப் பின்னால் எழுந்து நிற்கும்.

கமரா எங்கே தேவைப்படுகிறது? மங்கல் வெளிச்சத்தில் அசைகிற பிள்ளைகள். ஒளிவிழாவில் மேடை விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தியோடு பிள்ளைகள் நடந்து வருகிறபோது உங்கள் ஃபோன் படங்கள் எப்படி வந்தன என்று நினைத்துப் பாருங்கள். இரவு அணிவகுப்பும் அப்படித்தான். ஃபோனின் இரவு முறை பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கட்டடத்துக்கு அருமை, ஓடுகிற பிள்ளைக்கு உதவாது. அதற்குப் பெரிய சென்சரும், வாய் அகன்ற லென்ஸும் வேண்டும். 2025 மார்ச்சில் மறுபடி போனபோது நாங்கள் கொண்டு போனது கண்ணாடியில்லாத சிறிய கமரா ஒன்று, 23 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்று. இரண்டும் சேர்த்து அறுநூறு கிராம் அளவு. சூம் கிடையாது. கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிடலாம், சவாரியில் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். புதிதாக வாங்க விரும்பாதவர்களுக்கு இன்னொன்று: வீட்டில் பழைய டி.எஸ்.எல்.ஆர். இருந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பழையதாக மலிவில் கிடைக்கும். அது ஒன்றை மட்டும் மாட்டி, மற்றதெல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சூம் இல்லாததற்கு எங்கள் வீட்டில் ஒரு எதிர்ப்பாளர் இருந்தார். இப்போது பதின்மூன்று வயதான மகன். அனிமல் கிங்டமில் 'கிளிமஞ்சாரோ சஃபாரி' இருக்கிறது; திறந்த லொறியில் ஏற்றிக்கொண்டு ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், யானை, சிங்கம் எல்லாம் காட்டுவார்கள். பெரிய லென்ஸ் இல்லாமல் சிங்கத்தை எப்படி எடுப்பது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். விரும்புகிறவன் சுமக்கட்டும் என்று பழைய கமராவையும் 70-200ஐயும் அவன் கையிலேயே கொடுத்தோம், அந்த ஒரு நாளுக்கு மட்டும். விடியற்காலைச் சவாரி, மிருகங்கள் வெயில் ஏறமுன் நடமாடும். லொறி குலுங்கும் என்பதால் ஷட்டர் வேகத்தை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கீழே இறக்காதே என்று மட்டும் சொல்லிக் கொடுத்தோம். பாறைமேல் படுத்திருந்த சிங்கம் உண்மையிலேயே நன்றாக விழுந்தது. மத்தியானம், "இதைத் தள்ளுவண்டியில வைக்கலாமா?" என்று கேட்டான். தள்ளுவண்டியைக் கொடுத்து ஆறு வருடமாகிறது.

இருட்டுச் சவாரிகளைப் பற்றி: பீட்டர் பான், ஹோண்டட் மேன்ஷன் போன்றவற்றில் பிளாஷ் போடக் கூடாது. மற்றவர்களுக்கு இடைஞ்சல், படமும் கெட்டுவிடும். பிளாஷ் இல்லாமல் எடுத்தாலும் பத்தில் ஒன்று தேறினால் பெரிது. எங்கள் அபிப்பிராயம், அங்கே கமராவை மடியில் வைத்துவிடுங்கள். வாணவேடிக்கைக்கும் ஏறத்தாழ இதுவேதான். சரியாக எடுக்க முக்காலியும் இரண்டு மூன்று நொடி திறந்திருக்கிற ஷட்டரும் வேண்டும். அதற்கு ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இடம் பிடித்துக் கால் கடுக்க நிற்க வேண்டும். 2017இல் எங்களில் ஒருவர் அப்படி நின்றார். படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மகன் யாருடைய தோளில் இருந்து பார்த்தான் என்பது அவருக்குத் தெரியாது.

முக்காலி கொண்டு போவதானால், சாதாரண முதுகுப் பைக்குள் அடங்க வேண்டும், விரித்தால் ஆறடிக்கு மேல் போகக் கூடாது. செல்ஃபி தடி 2015 ஜூன் முதல் உள்ளே விடுவதில்லை. ட்ரோனும் கூடாது. விதிகள் மாறக்கூடியவை, புறப்படுகிற வாரம் பூங்காவின் அறிவித்தலை ஒருமுறை பாருங்கள். மேலதிக லித்தியம் பற்றரிகளையும் பவர் பாங்கையும் விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள், கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். பவர் பாங்க் நூறு வோட்-மணிக்குள் இருக்க வேண்டும். கடையில் விற்கிற 20,000 மில்லி அம்பியர் பாங்க் ஏறத்தாழ 74தான், பிரச்சினை இல்லை. நாள் முழுக்க ஃபோனில்தான் சவாரி நேரமும் நுழைவுச் சீட்டும் பார்க்கிறீர்கள் என்பதால் பின்னேரம் மூன்று மணிக்கே பற்றரி இறங்கிவிடும். எங்களைக் கேட்டால், இரண்டாவது லென்ஸை விடப் பவர் பாங்க்தான் முக்கியம். வீடியோப் பிரியர்களுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு நூறு மெகாபிட் என்ற தரத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 கிகாபைட் போகும். கார்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

குளிர் நாட்டில் இருக்கிற நமக்கு வீட்டுக்குள் வருகிறபோது மூக்குக்கண்ணாடி புகைவது பழக்கம். ஃபுளோரிடாவில் இது தலைகீழ். ஏசி போட்ட அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் புகைந்துவிடும். முதல் நாள் காலை எங்களுக்கு இருபது நிமிடம் போனது. இறுக்கி மூடக்கூடிய பிளாஸ்டிக் பைக்குள் கமராவைப் போட்டு, அது வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் சரி. கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு இந்தப் பை இரட்டிப்பாக வேண்டும், பின்னேரத்தில் இடி மழை வந்துபோகும். காலி ரிவர் ரப்பிட்ஸ் போன்ற தண்ணீர்ச் சவாரிகளுக்கும் அதே பைதான். அங்கே நனையாமல் வருவது நடக்காத காரியம்.

இனி, முதல் கேள்வியின் இரண்டாவது பாதி. படம் எடுக்கிறவர் படத்தில் இல்லாமல் போகிறார். மெஜிக் கிங்டமில் அங்கங்கே போட்டோபாஸ் என்ற சேவைக்கு ஆட்கள் கமராவோடு நிற்பார்கள். அவர்கள் எடுக்கிற படத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் உங்கள் ஃபோனையோ கமராவையோ நீட்டிக் கேட்டால் அதிலும் ஒன்று எடுத்துத் தருவார்கள், காசில்லை. நம்மவர்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்கிற குடும்பத்துக்கு நீங்கள் ஒன்று எடுத்துக் கொடுத்தால் அவர்களும் எடுத்துத் தருவார்கள். பிள்ளைகள் கையிலும் ஒரு பழைய ஃபோன் இருக்கட்டும். ஒன்பது வயதுக்காரியின் கண் உயரத்தில் தெரிகிறது எங்களுக்குத் தெரிவதில்லை.

2025இல் கடைசி நாள் நால்வரும் குதிரை ராட்டினத்துப் பக்கம் போனோம். எந்த வாங்கு என்பதில் மகளுக்கும் எங்களுக்கும் இன்றுவரை வாக்குவாதம். அவள் காட்டியதிலேயே இருந்தோம். போட்டோபாஸ் தம்பி ஒருவர் பக்கத்தால் போனார். எங்கள் கமராவைக் கொடுத்து, பட்டன் எதுவென்று காட்டினோம். இரண்டு எடுத்தார். ஒன்றில் மகன் வேறெங்கோ பார்க்கிறான், மற்றதில் எங்களில் ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, படகுச் சவாரிக்கு வரிசையில் போய் நின்றோம்.