உழைப்பவருக்கு ஒரு கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பங்கு இல்லத்தின் வாயிலில் கைம்பெண் ஒருவர் தயங்கியபடி நின்றார். "சாமி, என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் பீங்கான் பட்டறையிலே வேலை செய்தாருன்னு ஒரு கடுதாசி எழுதித் தரணும்" என்று கேட்டார். அவருடைய கணவர் இருமலாலும் மூச்சுத் திணறலாலும் ஈராண்டு வாடி இறந்தவர். காசநோய் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். இறுதியாகப் பார்த்த மருத்துவர்தாம், கல்தூள் நுரையீரலில் படிந்ததால் வந்த நோய் இது என்று சொன்னாராம். இழப்பீடு கேட்கப் போன இடத்தில், அவர் அங்கே வேலை செய்ததற்கு அத்தாட்சி என்ன என்று வினவியிருக்கிறார்கள்.

பங்கின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அம்மனிதரின் ஞானஸ்நானம் பதிவாகியிருந்தது, திருமணம் பதிவாகியிருந்தது, பிள்ளைகள் மூவரின் ஞானஸ்நானமும், இறுதியில் அவருடைய அடக்கமும் பதிவாகியிருந்தன. பதினெட்டு ஆண்டுகள் அவர் சிந்திய வியர்வைக்கு மட்டும் எங்கும் ஒரு வரி இல்லை. பட்டறை கைமாறிவிட்டது. பழைய முதலாளியும் காலமாகிவிட்டார். நான் அறிந்ததை எழுதிக் கொடுத்தேன். அது ஒரு குருவானவரின் நற்சான்று ஆயிற்றேயன்றி, சட்டம் ஏற்கும் சான்று ஆகவில்லை. அந்தத் தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

இந்நிகழ்ச்சியை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21-ஆம் நாள் முதல் நம் நாட்டில் தொழிலாளர் பற்றிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. முதலாளியாயினும் தொழிலாளியாயினும், நம் குடும்பங்கள் அவற்றை அறிந்திருத்தல் நலம்.

மண்ணும் மக்களும்

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று வெளியூரார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டியபோது வெண்களிமண்ணும் கிடைத்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு இங்கே செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. அத்தொழில் நுட்பத்தைக் கற்பிக்க அரசுப் பயிலகமும் தோன்றியது. மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்கள், அகல் விளக்குகள், பொம்மைகள் எனப் பலவும் இவ்வூர்ச் சூளைகளிலிருந்து போகின்றன. பெரும்பாலானவை சிறு பட்டறைகளே. முதலாளியும் அவர் மனைவியும் தொழிலாளரோடு சேர்ந்து அச்சு பிடிக்கும் இடங்களும் உண்டு.

குயவரை வேதாகமம் மறக்கவில்லை. சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம், காலால் சக்கரத்தைச் சுழற்றி, மண்ணைக் கையால் பிசைந்து, சூளையைக் காத்து விழித்திருக்கும் குயவனைக் கண்முன் நிறுத்துகிறது. அத்தகையோர் இன்றி எந்த நகரும் நிலைபெறாது என்றும் அது போதிக்கிறது. நம் நகருக்கு இது எத்துணை பொருந்துகிறது என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

இதுவரை தனித்தனியே இருந்த 29 மத்தியச் சட்டங்களை நான்காகத் தொகுத்திருக்கிறார்கள். ஒன்று ஊதியம் பற்றியது (2019). மற்ற மூன்றும் தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் உடல்நலமும் ஆகியவை பற்றியவை (2020). 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலியன இவற்றுள் அடங்கிவிட்டன.

குறைந்தபட்ச ஊதியம் முன்னர் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இப்போது அது எல்லாத் தொழிலுக்கும் பொதுவாயிற்று. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலேயே கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நீங்குபவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் உண்டு. ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதிய வேற்றுமை கூடாது. ஒவ்வொருவருக்கும் ஊதியச் சீட்டு வழங்குவதும் கடமையே.

இவை யாவற்றினும் என் கவனத்தைக் கவர்ந்தது பணி நியமனக் கடிதமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் அக்கடிதம் தர வேண்டும் என்கிறது பணியிடப் பாதுகாப்புச் சட்டம். கடிதமின்றி ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கு, சட்டம் தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. குறித்த வயதினருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும்.

கடிதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பீங்கான் தொழிலில் பயன்படும் வெண்கல் பொடியில் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். முற்றாகக் குணமாக்கும் மருந்து அதற்கு இல்லை. காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். தூளைச் சுவாசித்த காலத்தில் ஒன்றும் தெரியாது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் மூச்சு முட்டும். இந்நோயை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சட்டம் சேர்த்துள்ளது. ஆயினும், எங்கே, எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தார் என்பதை மெய்ப்பிக்காமல் அவ்வுரிமை கைக்கு எட்டுவது அரிது. அன்று ஒரே ஒரு கடிதம் இருந்திருப்பின் அக்கைம்பெண்ணின் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

சட்டம் நிற்கும் இடம்

இச்சட்டங்களை ஒருமுகமாக எல்லாரும் வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. தொழிலதிபர்கள் பலர் பாராட்டினர். தொழிற்சங்கங்கள் பல எதிர்த்தன. எதிர்ப்புக்குக் காரணமும் உண்டு. தொழிற்சாலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ அரசின் முன்அனுமதி பெறவேண்டிய எல்லை முன்பு 100 தொழிலாளர், இப்போது 300. மின்விசை கொண்டு இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை எனக் கருத முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். வேலை நிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்புத் தேவை.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். ஆறு பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை! குறைந்தபட்ச ஊதியமும் ஊதியச் சீட்டும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் நியமனக் கடிதமும் மருத்துவப் பரிசோதனையும் பொதுவாக அவர்களை எட்டுவதில்லை. எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் தூள் குறைவாகப் பறக்கிறதா? எட்டாவது ஆளின் நுரையீரல் இரும்பால் ஆனதா? சட்டம் ஓர் எண்ணை வைத்து எல்லை போடுகிறது. அது அதன் இயல்பு. கிறிஸ்தவனின் மனச்சாட்சிக்கு அவ்வெல்லை இல்லை.

திருச்சபையின் குரல்

இது புதிய போதனையன்று. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. பிடித்து வைத்த கூலியே இறைவனை நோக்கி ஓலமிடும் என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். 1891-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். முதலாளியும் தொழிலாளியும் மனம் ஒத்துச் செய்த ஒப்பந்தமே ஆயினும், உழைப்பவன் நேர்மையாக உயிர்வாழப் போதாத கூலி நீதியாகாது என்று அவர் கற்பித்தார். 1955-இல் 12-ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பு பற்றித் தனிச் சுற்றுமடலே எழுதி, பொருளைவிட உழைக்கும் மனிதனே மேலானவன் என்று நிலைநாட்டினார். 2025 மே மாதம் தெரிந்தெடுக்கப்பட்ட நம் பாப்பரசர், 13-ஆம் சிங்கராயரை நினைவில் கொண்டே 14-ஆம் சிங்கராயர் என்னும் பெயரை ஏற்றதாகக் கூறியிருக்கிறார்.

நம் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1918-இல் சென்னையில் தோன்றிய தொழிலாளர் சங்கம் இந்நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் ஒன்று. திரு. வி. க. போன்ற பெரியோர் அதற்கு உழைத்தனர். உரிமைகள் வானிலிருந்து விழவில்லை. பலர் பட்ட பாட்டின் பயனாகவே வந்தன.

முதலாளிகளுக்கு ஒரு சொல்

சிறு முதலாளிகளின் இன்னலை நான் அறியாதவன் அல்லேன். எரிபொருள் விலை ஏறுகிறது. வாங்கியவர் மாதக்கணக்கில் பணம் தருவதில்லை. வடநாட்டுச் சரக்கு போட்டியிடுகிறது. "கடுதாசி கொடுத்தால் நாளைக்கு வழக்காக வந்து நிற்கும், சாமி" என்று நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். அவர் கொடியவரல்லர், தம் ஆட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டுபவர். அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தருமம் அவர்கள் உம்மிடம் பெறும் உதவி, கடிதம் அவர்களுக்குரிய நீதி. முன்னதைக் கொடுத்துப் பின்னதை நிறுத்தி வைக்கலாகாது.

இதில் அவருக்கும் நன்மை உண்டு. காப்பீட்டு வட்டத்துக்கு வெளியே இருக்கும் தொழிலாளி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியின் தலைமீதே நேராக விழும். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பினும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் இசைந்தால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தாமாகவே சேர வழியிருக்கிறது. மாதந்தோறும் செலுத்தும் சிறு தொகை, பின்னர் வரும் பேரிழப்பைத் தடுக்கும்.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் என் வீட்டை நான் பார்க்க வேண்டியிருந்தது. பங்கு இல்லத்தில் பல ஆண்டுகளாகச் சமையல் செய்யும் அம்மாவிடமும், ஆலயப் பணி செய்யும் உபதேசியாரிடமும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வெட்கமாயிருந்தது. இருவருக்கும் பணியில் சேர்ந்த ஆண்டு, செய்யும் வேலை, பெறும் ஊதியம், விடுமுறை ஆகியவற்றைக் குறித்துக் கடிதம் எழுதி, பங்கின் முத்திரையிட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா எழுத்தறியாதவர். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதிலே என் பேரு எங்கே இருக்கு, சாமி?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அவ்விடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செய்யத்தக்கவை

அன்பர்களே, இம்மாதமே சிலவற்றைச் செய்வோம். வேலைக்கு ஆள் வைத்திருப்போர், ஒருவராயினும் பலராயினும், எழுத்தில் கடிதம் கொடுங்கள். பட்டறையில் தரையை உலர்ந்தபடி பெருக்காமல் நீர் தெளித்துப் பெருக்கச் செய்யுங்கள். தூள் பறக்கும் இடத்தில் தக்க முகக்கவசம் கொடுத்து, அணிவதையும் கண்காணியுங்கள். தொழிலாளத் தோழர்கள் ஊதியச் சீட்டுகளை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். நெடுநாள் இருமல் இருந்தால், பீங்கான் பட்டறையில் வேலை செய்வதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநில அரசுக்கும் உண்டாகையால், ஐயம் எழுந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். படிவம் எழுதத் தெரியாதவர் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். எழுதித் தர நம் இளைஞர் சிலர் முன்வந்துள்ளனர்.

ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறோம். முதலாளிக்கு ஒரு வரிசை, தொழிலாளிக்கு ஒரு வரிசை என்று நற்கருணைப் பந்தியில் இல்லை. நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையில் உழைத்த சூசையப்பர், உழைப்போருக்கும் உழைப்பிப்போருக்கும் நீதியின் வழியைக் காட்டுவாராக. இனி எந்தத் தாயும், தன் கணவன் உழைத்தான் என்பதற்குச் சாட்சி தேடி ஆலய வாயிலில் நிற்கும் நிலை நம் பங்கில் நேராதிருக்கட்டும்.