வாரம் ஒரு மணி நேரத் தோழமை

தனித்திருப்பது வேறு, தனிமை வேறு

தனியாக வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தனிமையில் வாடுவதில்லை. பத்துப் பேர் நடமாடும் வீட்டில் இருந்துகொண்டே மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் தவிப்பவர்களும் உண்டு. வேண்டிய உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவே விழும் இடைவெளியைத்தான் மருத்துவ உலகம் தனிமை உணர்வு என்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்த உணர்வு இருப்பதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் இறப்புகளுக்கு இதனோடு தொடர்பு இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2025-இல் கணக்கிட்டது. அதற்கு முன்பே, 2010-இல், 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் என்று கண்டிருந்தார்கள். ஆகவே இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்க முடியாது. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதுபோல மருத்துவரால் ஒரு நண்பரை எழுதிக் கொடுக்க முடியுமா? முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்குச் சில நிபந்தனைகள் மட்டும் உண்டு.

லண்டனும் டெக்சாஸும் காட்டியது

லண்டன் மாநகரின் உட்பகுதியில், நெடுநாள் மனச்சோர்வில் இருந்த 86 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. ஒரு பாதிப் பெண்களுக்குத் தன்னார்வலர் ஒருவர் தோழியாக அனுப்பப்பட்டார். வாரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் சந்திக்க வேண்டும்; பேச வேண்டும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். மறுபாதிப் பெண்கள் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். ஓராண்டு கழிந்தபோது, தோழி கிடைத்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தணிந்திருந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் தணிந்திருந்தது. கொரோனா காலத்தில், 2020-இல், அமெரிக்காவின் டெக்சாஸில் வீட்டுக்கே உணவு கொண்டுவந்து தரும் சேவையை நம்பியிருந்த 240 பேரிடம் இதையே தொலைபேசி வழியாகச் செய்து பார்த்தார்கள். அழைத்தவர்கள் 17 முதல் 23 வயது வரையிலான இளைஞர்கள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காதவர்கள். குறுகிய பயிற்சி மட்டும் பெற்றிருந்தார்கள். எதைப் பேசுவது என்பதை மறுமுனையில் இருப்பவரே தீர்மானிக்க விட வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் சாரம். நான்கே வாரங்களில், அழைப்பு வராதவர்களோடு ஒப்பிட, அழைப்பு வந்தவர்களின் தனிமை உணர்வு, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் குறைந்திருந்தன.

ஏற்பாடு செய்த நட்பு நட்பாகுமா?

நட்பு தானாக மலர வேண்டும், ஆள் அனுப்பி வரவழைப்பது நட்பே இல்லை என்று சிலர் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால், நம் நட்புகளில் பெரும்பாலானவை யாரோ செய்த ஏற்பாட்டின் விளைவுதான். வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்த ஆசிரியர், ஒரே ஷிப்டில் போட்ட மேலாளர், எதிர்வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர் இல்லாவிட்டால் அவை தொடங்கியே இராது. நோயும் முதுமையும் இப்படிப்பட்ட தற்செயல்களை ஒவ்வொன்றாகப் பறித்துவிடுகின்றன. இழந்த அந்தத் தற்செயலைத் தன்னார்வத் தோழமை மீட்டுத் தருகிறது. பரிதாபப்பட்டு வருகிறார்களே என்ற கூச்சம் எழுவது இயல்பு. வருபவர் அறிவுரையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் அது நியாயமும்கூட. அவர் கேரம் ஆடவோ, காய்கறிக் கடைக்குச் சேர்ந்து நடக்கவோ, பழைய வேலையைப் பற்றிக் கேட்கவோ வந்தால் அந்தக் கூச்சம் நாளடைவில் கரையும்.

பிள்ளைகள் இருக்கும்போது எதற்கு?

இதெல்லாம் மேல்நாட்டுக்குத் தேவை, நமக்குக் குடும்பம் இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. குடும்பம் இருக்கிறதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து மகன் பேசும் பத்து நிமிடம் எப்படிப் போகிறது? மாத்திரை போட்டீர்களா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, பேங்க் வேலை முடிந்ததா. அத்தனையும் அக்கறைதான், ஆனால் அதில் பெற்றவரின் பயத்துக்கோ சலிப்புக்கோ இடமில்லை. பிள்ளைகள் கவலைப்படுவார்களே என்று அவரும் மறைக்கிறார். கடனும் இல்லை, பழைய கணக்கும் இல்லை என்ற நிலையில் உள்ள வெளியாளிடம் சொல்வது எளிது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இது புதிதல்ல. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைத் தன்னார்வலர்கள் செவிகொடுத்துக் கேட்கும் ‘சுமித்ரயோ’ அமைப்பு இலங்கையில் 1974 முதலும், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘ஸ்நேகா’ சென்னையில் 1986 முதலும் இயங்கி வருகின்றன.

மருந்துக்கு மாற்று அல்ல

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தோழமைத் திட்டங்களின் பலன் மிதமானதுதான் என்றே தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. மனச்சிதைவு நோய் உள்ள 124 பேரிடம் லண்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், தன்னார்வலர் துணையிருந்தும் அன்றாடச் செயல்பாடுகளில் செலவிடும் நேரம் கூடவில்லை. ஆனால் அவர்கள் பழகும் ஆட்களின் எண்ணிக்கை கூடியது. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தோழமை எதைச் செய்யுமோ அதைச் செய்திருக்கிறது. நோயின் மற்ற கூறுகளுக்கு மருந்தும் சிகிச்சையும் வேண்டும். தன்னார்வலர் வருகிறார் என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மனநல மருத்துவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களுடைய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டுவதும் தவறு.

எது இருந்தால் நிலைக்கும்?

நல்ல மனம் மட்டும் போதாது. கேட்கப் பழக்கும் பயிற்சி வேண்டும். தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். அவர் தன் சுமையை இறக்கி வைக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். பணம் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வருவது. ஒரு மாதம் வந்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுகிறவர், ஏற்கெனவே பலரை இழந்தவருக்கு இன்னோர் இழப்பைத் தருகிறார். அதனால் ஓராண்டுக்கு உறுதி தர முடியாதவர் தொடங்காமல் இருப்பதே நல்லது. நிறுத்த நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லி விடைபெற வேண்டும். முதியோர் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை பக்கத்திலுள்ள மனநல மையத்தின் மேற்பார்வையில் இதைத் தொடங்கலாம். பெரிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரம் தாண்டி நீடித்தால் தோழமைக்காகக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.