பண்டிகைப் பரிசுக்கு வீட்டுப் பண்டங்கள்

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் ஆகியவை கொடுத்து மகிழும் நாள்களாகும். இந்நாள்களில் உற்றார் வீட்டுக்கு வெறுங்கையோடு செல்வது இந்நாட்டு மக்களின் வழக்கமன்று. ஆயினும் பண்டிகை நெருங்கும்போது கடைகளில் விசுக்கோத்துப் பெட்டிகளையும் இனிப்பு வகைகளையும் வாங்குவதற்கெனக் கடன்படும் குடும்பங்கள் பல. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருள்களின் விலை முன்னைய ஆண்டிலும் நூற்றுக்கு 90இற்கு மேல் உயர்ந்திருந்தது. அத்தகைய காலங்களில் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடாது காத்தவை பெரும்பாலும் தோட்டத்துப் பழமும், வளவிலுள்ள பனையும், வீட்டு உரலுமே.

குறைந்த செலவிற் பரிசுப் பண்டம் செய்ய விரும்புவோர் முதலில் அறியவேண்டியது காலமாகும். பண்டிகைக்கு ஒரு கிழமைக்கு முன் எண்ணத் தொடங்கினால் எல்லாப் பொருளும் விலையேறியே இருக்கும். விளைவு மிகுந்து, விலை வீழ்ந்து, பழங்கள் மரத்தடியில் அழுகும் காலமே பரிசு செய்வதற்கு ஏற்ற காலம்.

தேசிக்காய் ஊறுகாய்

தேசிக்காய் மலிந்த காலத்தில் நன்கு பழுத்த, வடுவற்ற காய்கள் ஒரு கிலோவைத் தெரிந்து, கழுவி, ஈரமின்றித் துடைத்துக்கொள்ளல் வேண்டும். அடி பிரியாதவாறு ஒவ்வொன்றையும் நான்காகக் கீறி, 250 கிராம் உப்புத்தூளைப் பகிர்ந்து அடைத்து, கண்ணாடிச் சாடியிலோ பீங்கான் சாடியிலோ இட்டு மூடிவைக்க வேண்டும். நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவர, சில நாள்களிற் சாறு ஊறும். பின்னர் பகலிற் காய்களை வெயிலில் உலர்த்தி, இரவில் மீண்டும் அச்சாற்றிலே இடுதல் வேண்டும். சாறு முற்றும் வற்றி, தோல் மென்மையாகிப் பழுப்பு நிறம் அடையும்வரை இவ்வாறு செய்தால், அவ்வூறுகாய் பல மாதங்களுக்குக் கெடாதிருக்கும். புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும் தன்மையன. ஆதலால் அலுமினியப் பாத்திரமும் செப்புப் பாத்திரமும் இதற்கு ஆகா.

விளாம்பழ ஜாம்

விளாம்பழத்திற் பாகை இறுகச் செய்யும் பெக்டின் என்னும் பொருளும் புளிப்பும் இயற்கையாகவே மிகுந்துள்ளன. ஆதலால் வேறொன்றும் சேர்க்காமலே ஜாம் இறுகும். பழச்சதையைச் சிறிது நீர் விட்டுக் கரைத்து, விதையும் நாரும் நீங்க வடித்துக்கொள்ள வேண்டும். வடித்த கூழ் ஒரு கிலோவுக்குச் சீனி ஒரு கிலோ சேர்த்து, அடிபிடியாது மர அகப்பையாற் கிளறிக் காய்ச்ச வேண்டும். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு, சற்று ஆறியபின் விரலால் தள்ளும்போது அதன் மேற்பரப்பு சுருங்குமாயின் ஜாம் பதம் அடைந்ததெனக் கொள்ளலாம். இவ்வளவிலிருந்து 400 கிராம் கொள்ளும் போத்தல்கள் ஏறக்குறைய நான்கு நிரம்பும்.

சீனியின் அளவைக் குறைத்துச் சிக்கனம் செய்ய முயலுதல் கூடாது. ஜாமைக் கெடாது காப்பது சீனியே. முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 பங்கேனும் கரைந்த திண்மம் இல்லையாயின் சில நாள்களிற் பூஞ்சணம் பிடிக்கும்.

எள்ளுருண்டை

எள்ளு 500 கிராமை அரித்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, மணம் எழும்வரை இளஞ்சூட்டில் வறுத்தெடுக்க வேண்டும். வறுத்த உழுத்தம்மா 100 கிராம், பனங்கட்டி 350 கிராம், ஏலப்பொடி சிறிதளவு ஆகியவற்றுடன் உரலில் இட்டு இடிக்க, எள்ளின் எண்ணெய் கசிந்து மா தானாகவே திரளும். நீர் விடுதல் ஆகாது. நீர் பட்ட உருண்டை விரைவிற் பழுதாகும். சூடு ஆறுமுன் பிடித்தால் முப்பது உருண்டைகள் வரை கிடைக்கும். இவற்றைக் காற்றுப்புகாத தகரத்தில் அடைத்து, இரு கிழமைக்குள் உண்பது நலம். நாட்பட்டால் எண்ணெய் காறும். ஆதலின் இதனைப் பண்டிகையை ஒட்டியே செய்யவேண்டும்.

பனை தரும் பரிசு

வடக்கிலும் கிழக்கிலும் பனையுள்ள வளவுகளில் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பனம்பழம் விழும். அதன் களியைப் பிழிந்து வடித்து, பந்தலில் விரித்த பாய்மேல் நாள்தோறும் ஒரு படையாக ஊற்றி வெயிலில் உலர்த்தினாற் பனாட்டு ஆகும். அதனைத் துண்டுகளாக்கிப் பனம்பாணியில் ஊறவைப்பது பாணிப்பனாட்டு. விதைகளைப் பாத்தியிலிட்டால் சில மாதங்களிற் கிழங்கு கிடைக்கும். அதனை அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். பட்டணத்திலும் பிறநாட்டிலும் வாழும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து செல்லும் பொதிகளில் இவை இடம்பெறுவதற்குக் காரணம் சுவை மட்டுமன்று. நன்கு உலர்ந்தவை நெடுநாள் கெடாமையும் ஒரு காரணமாகும்.

கவனிக்கவேண்டியவை

பரிசாகச் செல்லும் பண்டத்தைப் பிறர் வீட்டுக் குழந்தையும் முதியவரும் நம்பி உண்பர். ஆகவே பழைய போத்தல்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்கவைத்து 15 நிமிடம் கொதிக்கச்செய்து, கவிழ்த்து உலர்த்தியபின் சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை நிரப்புதல் வேண்டும். துருப்பிடித்த மூடிகளை விலக்குக. பூஞ்சணம் கண்ட ஜாமை மேற்பகுதி மட்டும் அகற்றிப் பயன்படுத்தல் தவறு; முழுவதையும் எறிந்துவிட வேண்டும். எள்ளு, நிலக்கடலை முதலியவற்றிற் பூஞ்சணம் பிடித்திருந்தால் அவற்றை வறுத்தாலும் நஞ்சு முற்றாக நீங்காது. இனிப்புக் கொடுக்கும் வீட்டில் நீரிழிவு நோயாளர் இருப்பின் அவருக்கென ஏற்றதொரு பொருளைச் சேர்த்துக்கொடுப்பது பண்பாகும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஊறுகாய் கொடுத்தல் ஏற்றதன்று.

ஒவ்வொரு போத்தலிலும் பண்டத்தின் பெயரையும் செய்த நாளையும் எழுதி ஒட்டுதல் நன்று. உருண்டைகளையும் புழுக்கொடியலையும் வீட்டிலே பின்னிய ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வண்ணத்தாளுக்குச் செலவில்லை. பெட்டியும் பெற்றவருக்குப் பின்னர் பயன்படும்.

இவ்வாறு காலமறிந்து செய்துவைக்கும் குடும்பத்துக்குப் பண்டிகை மாதம் கடன் மாதமாக வராது. மரத்தடியில் வீணாகும் பழமும் காப்பாற்றப்படும். கொடுப்பவரின் கையுழைப்பைப் பெறுபவரும் அறிந்துகொள்வர்.