சாம்பல் பைப்பும் மேட்டுத் தண்ணீரும்

பன்வில பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். லயத்துப் பீலியில் வரிசையில் நின்று குடம் நிரப்பியவர்களுக்கு, சமையலறைக்குள்ளேயே தண்ணீர் வருவது பெரிய காரியம்தான். ஆனால் முதல் நாள் பிடித்த தண்ணீரில் ஏதோ நெடி. பைப்பிலே கோளாறோ?

கோளாறு இல்லை. அது பைப் கம்மின் நெடி. இந்தக் கம் தாளை ஒட்டும் பசை போன்றதல்ல. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து, ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. கரைத்த திரவம் ஆவியாகிப் போகும்வரை நெடி இருக்கும். ஒட்டிய பிறகு ஒரு நாள் விட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்து நன்றாக ஓடவிடுங்கள். இரவில் பைப்பில் தேங்கியதையும் சில நாட்களுக்குக் காலையில் ஊற்றிவிடுங்கள். செடிக்கு ஊற்றலாம்.

பிளாஸ்டிக்கில் வரும் தண்ணீரைக் குடிக்கலாமா? வீடுகளில் பூட்டும் சாம்பல் நிறப் பைப் பிவிசி (குளோரின் சேர்த்துச் செய்யும் ஒரு பிளாஸ்டிக்). அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் இதில் கலப்பதில்லை. அதனால்தான் விறைப்பாக இருக்கிறது. வாசலில் பூச்செடிக்குப் பிடிக்கும் மெத்தென்ற ஹோஸில் அது உண்டு. அந்த ஹோஸில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள்.

ஈயம் பற்றிய பயத்துக்குக் காரணம் உண்டு. சூட்டில் பிவிசி சிதையாமலிருக்க முன்பு ஈயக் கலவை சேர்த்தார்கள். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 2015-க்குள் அதைக் கைவிட்டார்கள். இந்தியா 2021-இல் அதை நீக்க விதிகள் கொண்டுவந்தது. நீங்கள் செய்யக்கூடியது: பைப்பின் உடம்பில் எஸ்எல்எஸ் 147 (குடிதண்ணீர் பிவிசி பைப்புக்கான இலங்கைத் தரக் குறி) அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாத மலிவுப் பைப்பை வாங்காதீர்கள்.

இனி, பலரும் கேட்க மறக்கும் கேள்வி: பைப் வெடிக்குமா? சமவெளியில் இது பெரிய கவலையில்லை. மலையில்தான் கவலை. ஊற்றோ தாங்கியோ உங்கள் வீட்டைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அமுக்கம் பைப்பில் ஏறும். சுமார் 33 அடி உயரத்துக்கு 100 கிலோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு) என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பைப்பில் 'டைப் 600', 'டைப் 1000' என்று இருப்பது அது தாங்கும் அமுக்கம். டைப் 600 ஏறக்குறைய 200 அடி உயரத்துத் தண்ணீரைத் தாங்கும். டைப் 1000 சுமார் 330 அடியை. தேயிலை மலைக்கு மேலே 250 அடியில் ஊற்று, கீழே உங்கள் வீடு, நடுவில் டைப் 600 என்றால், பைப் பூட்டும் பாஸ் (வேலைக்காரர்) என்ன சமாதானம் சொன்னாலும் அது தப்புத்தான்.

பகலில் ஒன்றும் நடக்கவில்லையே என்பீர்கள். குழாய்கள் திறந்து தண்ணீர் ஓடும்போது அமுக்கம் குறைந்திருக்கும். இரவில் எல்லாரும் குழாயை மூடிவிட்டுத் தூங்கும்போதுதான் முழுப் பாரமும் பைப்பில் நிற்கிறது. விடியக்காலையில் முற்றம் சேறாகிக் கிடப்பது இதனால்தான். வழியில் பாதி உயரத்தில் மிதவை வால்வுள்ள ஒரு சிறு தொட்டி கட்டித் தண்ணீரை அதில் விழவிட்டால், அங்கிருந்து அமுக்கம் புதிதாகப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். மேலிருந்து தொட்டிவரை வரும் துண்டுக்கும் அதன் உயரத்துக்கேற்ற பைப் வேண்டும். குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்கிறதா? ஓடி வந்த தண்ணீர் முட்டி நிற்கும் சத்தம் அது. மெதுவாக மூடுங்கள்; பைப்பைச் சுவரோடு கிளிப் அடித்து இறுக்குங்கள்.

மேட்டிலிருந்து வரும் கறுப்புக் குழாய் வேறு சாதி. அது பொலித்தீன், பைப் கம் அதில் ஒட்டவே ஒட்டாது. சைக்கிள் டியூபைக் கீலமாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, மேலே கம்பி முறுக்கிய இணைப்பு மலையில் பார்க்காத வீடு குறைவு. அவசரத்துக்குச் சரி. ஆனால் தண்ணீர் நின்று பைப் வெறுமையாகும் நேரத்தில், அந்த இடுக்கு வழியாக வெளிச்சேறு உள்ளே இழுபடும். கடையில் திருகிப் பூட்டும் இணைப்பு கிடைக்கும். அதை வாங்கிப் போடுங்கள். ஊற்றுத் தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

வெயில்? கறுப்புக் குழாயில் கலந்த கரி அதைக் காக்கிறது. சாம்பல் பைப்புக்கு அந்தக் கவசம் போதாது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் வெளுத்து, அடிபட்டால் நொறுங்கும். மண்ணுக்குள் புதையுங்கள், அல்லது பெயின்ட் பூசுங்கள். குளிருக்கு ஹீற்றர் பூட்டுகிறீர்களா? சுடுதண்ணீருக்குச் சாம்பல் பைப் ஆகாது, இளகிவிடும். அதற்கென்று உள்ள பைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க இரவில் எல்லாக் குழாய்களையும், தாங்கிக்கு வரும் வழியையும் மூடுங்கள். தாங்கியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. நீர் வழங்கல் சபை இணைப்பு என்றால், தெருவிலிருந்து வரும் வழியை மூடாமல், குழாய்களை மட்டும் மூடி மீட்டர் நகர்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீட்டை வாங்கி, இரும்புக் குழாயைக் கழற்றிப் பிளாஸ்டிக் போட்டவர்களுக்கு மட்டும் இன்னொன்று. சில பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் வயரை அந்த இரும்புக் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் இப்போது எங்கும் போய்ச் சேராமல் தொங்குகிறது. ஹீற்றரைப் போடுமுன் மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு, தரையில் தனி எர்த் கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.