சுவரும் துணையே

முதுமையில் ஒருமுறை விழுந்தவர் நடக்கவும் அஞ்சுவதை நாம் காண்கிறோம். அச்சத்தால் அசைவு குறையும். அசைவு குறையக் கால்கள் மேலும் தளரும். உட்செவி, கண்கள், பாதங்களின் உணர்வு ஆகிய மூன்றும் கூடியே உடலின் சமநிலையைக் காக்கின்றன. இவற்றுள் ஒன்று குன்றினும் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் கடினமாகும். அதற்காக யோகப் பயிற்சியையே கைவிட வேண்டுவதில்லை. புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) சுவர், நாற்காலி, கயிறு முதலியவற்றைத் துணையாக்கி ஆசனங்களைக் கற்பித்தார். அவ்வழியில், ஒரு கையால் சுவரைப் பற்றி, ஒரு குதிகாலை மற்றக் கணுக்காலில் சாய்த்து, விரல்நுனிகளைத் தரையிலேயே ஊன்றலாம். கண்களை மூடாது எதிரே ஒரு புள்ளியை நோக்குதல் நன்று. நிற்க இயலாதார் நகராத நாற்காலியில் அமர்ந்து கைகளை உயர்த்திப் பயிலலாம். தலைச்சுற்றல் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். துணைபற்றி நிற்பதும் நிற்றலே என்பதை நம் இல்லத்து முதியோர்க்கு எடுத்துரைப்போமாக.