மட்கார்டுக்குள் ஒரு மில்லிமீட்டர் கணக்கு

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்டா நிறுவனம் ஒரு சின்னக் காரை மேடையேற்றியது. இரண்டே இருக்கை, மடக்கு கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன். எடை ஒரு டன்னைத் தொடவில்லை. உலகச் சந்தையில் எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று மூன்று பெயர்களில் விற்ற அந்த முதல் தலைமுறைக் கார் 1997 வரை தயாரானது. நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று அவற்றில் மிக இளையதற்கே வயது முப்பதை நெருங்குகிறது. பழைய காரை வாங்குகிறவர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் எஞ்சினில் அல்ல, சக்கரத்தில்.

ஏன் என்பது காரைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அகலம் வெறும் 5.5 அங்குலம். அதன் மேல் 185/60 ஆர்14 டயர். மட்கார்டின் விளிம்பிலிருந்து டயர் உள்ளே ஒதுங்கி நிற்கும். மேலே கையை நுழைக்கும் அளவு இடைவெளி. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே 16, 17 அங்குல சக்கரங்களில் ஓடும் காலத்தில் இது பார்வைக்கு ஏழையாகத்தான் இருக்கும். எனவே 15 அங்குல விட்டம், 7 அல்லது 8 அங்குல அகலம் கொண்ட அலாய் வீல்கள் வாங்கி மாட்டப்படுகின்றன. அகலம் கூடினால் தரையைத் தொடும் ரப்பர் கூடும், ரப்பர் கூடினால் பிடிப்பு கூடும் என்பது வாங்குகிறவர் மனதில் உள்ள கணக்கு. அதில் பாதிதான் சரி.

டயர் தரையைத் தொடும் பரப்பை ஏறக்குறைய தீர்மானிப்பது அகலம் அல்ல, எடையும் காற்றழுத்தமும்தான். ஓட்டுநரோடு சேர்த்து ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ இறங்குகிறது என்று வைப்போம். மஸ்டா இந்தக் காருக்குச் சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் தரையில் பதியும் தடம் சுமார் 137 சதுர சென்டிமீட்டர். நான்கு டயர்களின் தடங்களையும் சேர்த்து வைத்தாலும் ஒரு ஏ4 தாளை நிரப்பாது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்கே. ஆனால் அகலமான டயரை மாட்டி அதே 26 பிஎஸ்ஐ காற்றை அடைத்தால் விடை பெரிதாக மாறப்போவதில்லை. பரப்பு ஏறக்குறைய அதேதான். வடிவம் மட்டும் மாறும்: முன்பு நீளமாக இருந்த தடம் இப்போது குட்டையாகவும் அகலமாகவும் ஆகிறது.

அப்படியென்றால் பந்தயக் கார்களெல்லாம் ஏன் உருளை போன்ற டயர்களில் ஓடுகின்றன? பள்ளிப் பாடத்தை நம்பினால் அதற்குப் பதிலே கிடைக்காது. உராய்வுக்கும் தொடுபரப்புக்கும் தொடர்பில்லை என்று 1699-இல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்டோன் வகுத்த விதிதான் இன்றும் வகுப்பறையில் சொல்லப்படுகிறது. மரத்துக்கும் உலோகத்துக்கும் அது பெருமளவு பொருந்தும். ரப்பர் மட்டும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ரப்பரின் பிடிப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தரையின் மூலக்கூறுகளோடு கணநேரம் ஒட்டி விடுபடுவது. இரண்டு, சாலையின் சொரசொரப்பில் அமுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது ஆற்றலை வெப்பமாக இழப்பது. இரண்டுமே ரப்பரின் பிசுக்கும் மீள்தன்மையும் கலந்த குணத்திலிருந்து வருபவை என்று 1963-இல் கே. ஏ. குரோஷ் தம் ஆய்வில் காட்டினார். வேகமும் வெப்பமும் மாறினால் பிடிப்பும் மாறும்.

பாரமும் அப்படித்தான். ஒரு டயரின் மேல் எடையை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்புறச் சக்கரங்களுக்குத் தாவுகிறது. உள்பக்க டயர் இழக்கும் பிடிப்பை வெளிப்பக்க டயரால் முழுவதும் ஈடுசெய்ய முடியாது. அகலமான டயரில் இந்த இழப்பு குறைவு. வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ள அதிக ரப்பர் இருப்பதால் பந்தயத் தடத்தில் சுற்றுமேல் சுற்று ஓடினாலும் சீக்கிரம் வழுக்கத் தொடங்காது. தடம் குட்டையாக, பக்கச்சுவர் தாழ்வாக இருப்பதால் ஸ்டியரிங் திருப்பியவுடன் கார் திரும்பும். அகலத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் இவ்வளவுதான்.

நஷ்டமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. குறுகிய டயர் வழுக்குவதற்கு முன் எச்சரிக்கும். பின்பக்கம் மெல்ல நகர்வது இருக்கையிலேயே தெரியும், திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். அகல டயர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று விடும். இன்னொன்று, ஒரு டன்கூட இல்லாத காரால் 225 மி.மீ. டயரைச் சாதாரணச் சாலையில் சூடாக்கவே முடியாமல் போகலாம். சூடேறாத பந்தய ரப்பரைவிடச் சாதாரண டயரே மேல்.

மழைக்காலம் வேறு கதை. விமான டயர்கள் ஓடுபாதைத் தண்ணீரில் மிதப்பதை நாசாவில் வால்ட்டர் ஹார்ன் ஆராய்ந்து, 1963-இல் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டார்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 26 பிஎஸ்ஐக்கு அது மணிக்குச் சுமார் 85 கி.மீ. பட்டன் தேய்ந்த டயரும் தேங்கிய நீரும் சேர்ந்தால்தான் இந்த எண் பலிக்கும். ஆனால் 1980-களில் லாரி டயர்களை ஆராய்ந்தபோது, தடத்தின் அகல நீள விகிதமும் இதில் சேரும் என்று ஹார்ன் சூத்திரத்தை விரித்தார். குட்டையாக, அகலமாக இருக்கும் தடம் நீரை ஒதுக்கத் திணறும்; சீக்கிரமே மிதக்கும்.

இயற்பியல் இப்படியென்றால், காரின் அடியில் குனிந்து பார்த்தால் வடிவகணிதம் காத்திருக்கிறது. அங்கேதான் பெரும்பாலானோர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

ரிம் வாங்கும்போது அகலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எண் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பின் மேல் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. எம்எக்ஸ்-5-இன் ஆலை ரிம்மில் இது பிளஸ் 45 மி.மீ. அதாவது பொருத்தும் முகம் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறது; எனவே சக்கரம் அந்த அளவு உள்ளே தள்ளி உட்காருகிறது. இப்போது 15 அங்குல விட்டம், 8 அங்குல அகலம், பிளஸ் 25 ஆஃப்செட் உள்ள ரிம்மை எடுத்துக்கொள்வோம். ஆலை ரிம்மின் அகலத்தில் பாதி சுமார் 70 மி.மீ.; புதியதில் பாதி சுமார் 102. கழித்தும் கூட்டியும் பார்த்தால், புதிய ரிம்மின் வெளி விளிம்பு பழையதைவிட 52 மி.மீ. வெளியே வருகிறது; உள் விளிம்பு 12 மி.மீ. உள்ளே போகிறது. அரை ஜாண்கூட இல்லாத அந்த மட்கார்டு இடைவெளியில் 52 மி.மீ. பெரிய தொகை. பழைய ஆஃப்செட்டையே வைத்துக்கொண்டால் இருபக்கமும் 32 மி.மீ. பங்காகும், அப்போது வெளியே தப்பித்தாலும் உள்ளே சஸ்பென்ஷன் கைகளையும் சேஸிஸ் சட்டத்தையும் டயர் உரசக்கூடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பார்க்கும்வரை இது தெரியாது.

ரிம்மின் அகலம் டயரையும் மாற்றும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 205/50 ஆர்15 என்று பெயர் போட்ட டயரின் 205 மி.மீ. என்பது 6.5 அங்குல ரிம்மில் வைத்து அளந்தது. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் ஏறக்குறைய 5 மி.மீ. உப்பும். அந்த டயருக்கு நிர்ணயித்த ரிம் அகலம் 5.5 முதல் 7.5 அங்குலம்வரைதான். 8 அங்குல ரிம்மில் அதை இழுத்து மாட்டுவது வழக்கத்தில் இருந்தாலும் தரக்கட்டுப்பாட்டு அட்டவணைக்கு வெளியே உள்ள காரியம்.

இடம் போதவில்லையென்றால் அடுத்தது டிங்கர் வேலை. மட்கார்டின் உள்விளிம்பில் தகடு மடிந்து ஒரு உதடு போல நிற்கும். டயரை முதலில் கிழிப்பது அதுதான். ஹப்பில் மாட்டிய உருளைக் கருவியால் அந்த உதட்டை மேல்நோக்கி மடக்கி வழிப்பார்கள். முப்பது வருடப் பெயின்ட் குளிரில் வெடிக்கும் என்பதால் முதலில் சூட்டுக் காற்றடித்து இளக்க வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட் விரிசல் விடும், விரிசலில் ஈரம் இறங்கும், சில வருடங்களில் மட்கார்டே துருவில் போகும். சக்கரத்தை உள்ளே சாய்க்கும் நெகட்டிவ் கேம்பரும் மேல்பக்கத்தில் சில மி.மீ. இடம் வாங்கித் தரும். ஆனால் குறுகிய டயர் பொறுத்துக்கொள்ளும் சாய்வை அகல டயர் பொறுக்காது. உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் இருப்பதால் எம்எக்ஸ்-5 இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. கார் சாயும்போதும் டயரைத் தரையோடு தட்டையாக வைக்க அது பாடுபடும்.

ஆஃப்செட் 45-லிருந்து 25-க்கு இறங்கினால் சக்கரத்தின் நடுக்கோடு 20 மி.மீ. வெளியே நகர்கிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரமும் அதே 20 மி.மீ. மாறும். இந்தத் தூரம்தான் நெம்புகோல். அது நீண்டால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையில் உதறும். சாலையில் லாரிகள் பதித்த தடங்களைக் கார் தானே பின்தொடரப் பார்க்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத மாடல் என்றால் கார் நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். பேரிங்குக்கும் அதே நெம்புகோல் சுமைதான். புதிய காரில் இது தாங்கும். முப்பது வருடம் உழைத்த பேரிங், காய்ந்து வெடித்த ரப்பர் புஷ் ஆகியவற்றின் மேல் புது அலாய் வீல் மாட்டுவதில் அர்த்தமில்லை. அந்தப் பணத்தில் பாதியைப் புஷ்களுக்குச் செலவழித்தாலே கார் வேறு காராகிவிடும்.

எடையையும் மறக்கக்கூடாது. பிரிட்டனின் மினிலைட் சக்கரங்களை நினைவூட்டும் மஸ்டாவின் அசல் அலாய் வீல் சுமார் ஐந்தரை கிலோதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 15 அங்குல வார்ப்பு வீல்கள் பல இதைவிடக் கனம். விளிம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும் முன்னோக்கியும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். எனவே வேகமெடுக்கும்போது எஞ்சினுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை கிலோவாகத் தெரியும். 115 குதிரைத்திறனில் தள்ளாடும் காருக்கு இது சில்லறை விஷயம் அல்ல.

வேகமானியின் கணக்கு சுலபம். 185/60 ஆர்14 டயரின் உயரம் 578 மி.மீ.; 195/50 ஆர்15-க்கு 576; 205/50 ஆர்15-க்கு 586. முதல் மாற்றத்தை முள் கவனிக்கவே கவனிக்காது. இரண்டாவதில் முள் காட்டுவதைவிடக் கார் ஒன்றரை சதவீதம் வேகமாகப் போகும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் வாகன விதி.

மாட்டும் நேரத்தில் இன்னும் இரண்டு சங்கதி. இந்தக் காரின் ஹப் நடுவட்டம் 54.1 மி.மீ.; பல கார்களுக்குப் பொருந்தும்படி செய்யப்படும் ரிம்களின் நடுத்துளை 67 அல்லது 73 மி.மீ. இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராமல், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தகடு போட்டால் நட்டின் மரை ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ., அதாவது எட்டுச் சுற்று, ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் வாங்காமல் வண்டியை எடுக்கக்கூடாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பரிசோதனைச் சான்று இல்லாத ரிம்மோடு சாலைக்கு வர முடியாது. ஜப்பானில் முன்பு டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினாலே கட்டாய வாகனச் சோதனையில் தோல்விதான். 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு டயரின் ரப்பர் மட்டும் 10 மி.மீ.க்குள் நீட்டலாம், ரிம் நீட்டக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு 15 அங்குலத்துக்கு மாறுகிறவர்களிடம் ஒரு நியாயமான காரணம் உண்டு: நல்ல பிடிப்புள்ள டயர் கலவைகள் இப்போது 14 அங்குலத்தில் அரிதாகிவிட்டன. அகலத்தைவிட ரப்பரின் கலவைதான் பிடிப்பை அதிகம் மாற்றுகிறது. அந்த ரப்பர் 15-இல்தான் கிடைக்கிறது என்றால் ரிம்மை மாற்றத்தான் வேண்டும். 15-க்கு 7, அதில் 195 அல்லது 205 என்று நிறுத்திக்கொள்கிறவர் டிங்கரிடம் போகாமலே பெரும்பாலும் தப்பித்துவிடுவார்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2012-இல் டொயோட்டா 86 காரை உருவாக்கிய தெட்சுயா தாதாவின் குழு, எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரில் வரும் அதே மிஷலின் பிரைமசி வகை டயரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் நகர வேண்டும், ஓட்டுகிறவருக்கு அது தெரிய வேண்டும் என்பது நோக்கம். மஸ்டா தன் முதல் ரோட்ஸ்டர்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் தொடங்கியபோது, பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் எஸ்எஃப்325 என்ற அந்தக்கால டயரை மீண்டும் தயாரித்தது. அளவு 185/60 ஆர்14, பட்டனின் கோலமும் பழையதே. 2018 முதல் அது விற்பனைக்கு வந்தது. விவரம் தெரிந்த சில உரிமையாளர்கள் கொட்டகையில் இரண்டு செட் சக்கரம் வைத்திருக்கிறார்கள்: மலைப்பாதைக்கு 14 அங்குலம், பந்தயத் தடத்துக்கு 15.